ஞாயிறு ஆறு மணிக்கு வரும் மகள்

பெல்முல்லெட், மேயோ
ஜனவரி 14

என் அன்பு மகள் ரீயோனாவுக்கு, உன் அப்பா ஃபெஸ்டஸ் லவெல் தன் கையாலேயே எழுதுவது. நீ நலமா? நான் நலம். முழங்கால் மட்டும் மழை வருமுன்னே மழையைச் சொல்லிவிடுகிறது.

முதல் வரியை இன்னொரு தரம் படித்துப் பார். தன் கையாலேயே என்று இருக்கிறதா? அந்த ஒரு வரிக்குக் கால் மணி நேரமும் இரண்டு தாளும் ஆயிற்று. இது மூன்றாவது தாள். முதல் இரண்டையும் கிழிக்க மனம் வரவில்லை. அலமாரியில் வைத்திருக்கிறேன்.

நீ நின்றுகொண்டு படித்தால் உட்கார்ந்துகொள். உன்னிடம் எழுபத்துநாலு வயதில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உன் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதாவது, இரண்டு வருடம் முன்பு வரை தெரியாது. முப்பத்தொரு வருடம் மாவட்ட நூலக வண்டியை ஓட்டியவன், ஆறாயிரம் புத்தகத்தை முதுகில் சுமந்து ஊர் ஊராகப் போனவன், அதில் ஒன்றின் தலைப்பைக்கூடப் படித்ததில்லை. நூலகர் மிஸ் ஹானன் முத்திரை குத்துவார், பெயர் எழுதுவார். நான் ஓட்டுவேன், அடுக்குவேன், வானிலை பேசுவேன். யாருக்கும் தெரியாது. உன் அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

மிஸ் ஹானன் உடம்புக்கு முடியாமல் படுத்த அந்தக் குளிர்காலம் நினைவிருக்கிறதா? உனக்கு ஒன்பது வயது. விடுமுறையில் என்னோடு வண்டியில் வந்தாய். விளையாட்டுக்கு என்று சொல்லி, எல்லாப் புத்தகத்தின் முதுகிலும் வட்ட வட்டமாக ஸ்டிக்கர் ஒட்டினாய். துப்பறியும் கதைக்கு நீலம். காதலுக்குப் பச்சை. போருக்குச் சிவப்பு. சமையலுக்கும் தோட்டத்துக்கும் மஞ்சள். அந்த விளையாட்டு என் மானத்தைக் காப்பாற்றியது. யாராவது வந்து “ஏதாச்சும் கொலைக் கதை இருந்தா குடு ஃபெஸ்டஸு” என்றால் நான் ராஜா மாதிரி நீலத்தை எடுத்து நீட்டுவேன். உனக்குத் தெரியாமலே நீ எனக்குச் செய்த உதவி அது. இப்போதுதான் நன்றி சொல்ல வாய்த்தது. நன்றி.

இன்னொன்று. உன் பிறந்தநாள் அட்டைகள், நீ கல்லூரிக்குப் போன பிறகு வந்த கடிதங்கள், உன் முதல் நாவலைப் பற்றி “அப்பா” எழுதிய இரண்டு பக்கம், எல்லாம் உன் அம்மாவின் கை. அவள் போய் ஆறு வருடம் ஆகிறது. அதன் பிறகு ஏன் அப்பாவிடமிருந்து கடிதமே வரவில்லை என்று நீ யோசித்திருப்பாய். காரணம் இதுதான்.

என் குட்டைக் கண்டுபிடித்தவள் அசம்ப்டா கெர்ரிகன். தபால் நிலையத்தை நடத்திக்கொண்டிருந்தவள், உனக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு தேவாலயக் கூடத்தின் பின் அறையில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறாள். ஒருநாள் தெருவில் என்னை மறித்து, “இருபது வருஷமா என் ஜன்னல்ல வந்து, கண்ணாடிய வீட்ல விட்டுட்டேன், ஃபாரத்த நீயே நிரப்பிடுன்னு சொல்லுவியே ஃபெஸ்டஸு, அப்பல்லாம் கண்ணாடி உன் மூக்கு மேலதான் இருந்துச்சு. செவ்வாய்க்கிழமை வா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். போனேன். என் கையெழுத்து காற்றில் சாய்ந்த வேலிக்கம்பு மாதிரி இருக்கிறதாம். இருக்கட்டும். வேலி வேலிதானே.

படிக்கத் தெரிந்ததும் ஊரே மாறிவிட்டது. பாலத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு செப்புத் தகடு இருக்கிறதே, யாரோ புனிதமான பாதிரியாரின் நினைவுப் பலகை என்று நினைத்து முப்பது வருடம் தொப்பியைத் தூக்கிக்கொண்டிருந்தேன். போன மாதம் எழுத்துக் கூட்டிப் படித்தேன். “இங்கே சைக்கிள் சாய்த்து வைக்கக் கூடாது.” சிரித்துச் சிரித்து அந்தச் சுவர் மேலேயே சாய்ந்துவிட்டேன். இப்போதும் தொப்பியைத் தூக்குகிறேன். பழக்கம்.

உன் முதல் நாவலைப் பதினான்கு வாரத்தில் முடித்தேன். எண்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு மனிதன் வருகிறான். எதையாவது சொல்வதற்கு முன் என்னைப் போலவே வண்டிக் கண்ணாடியைத் துடைப்பான். அதைப் படித்துவிட்டு வெளியே போய் ஆடுகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

இனிச் சந்தோஷம் இல்லாத விஷயம். இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

போன வசந்தம் வரைக்கும் நீ அனுப்பும் செய்தியைப் போனில் இருக்கும் அந்தப் பெண் குரல்தான் எனக்குப் படித்துக் காட்டும். அந்தக் குரலில் மின்சார வாரியத்தின் அறிவிப்பும் மகளின் அன்பும் ஒன்று போலத்தான் கேட்கும். இப்போது நானே படிக்கிறேன். பழையவற்றையும் தேடித் தேடிப் படித்தேன். இரண்டு வருடம் முன்பு நீ எழுதியது: “மழை. வேலை நடக்கல. உருளைக்கிழங்கு கருகிப்போச்சு. நல்லா இருக்கேன். ரீ.” இதுதான் நீ. போன ஞாயிறு வந்தது: “அன்புள்ள அப்பா, இந்தச் செய்தி உங்களை நலமுடன் வந்தடையும் என நம்புகிறேன். உங்கள் உணர்வுகளை நான் முழுமையாகப் புரிந்துகொள்கிறேன். உங்களை மிக மிக நேசிக்கிறேன்.” நான் என்ன உணர்வைச் சொன்னேன்? ஆட்டுக்குக் கால் வீங்கியிருக்கிறது என்றுதானே அனுப்பியிருந்தேன்.

ஆடு மேய்க்கும் பாட்ஸி மலோயிடம் காட்டினேன். அவன் இரண்டு தரம் படித்துவிட்டு, “நம்ம பக்கத்து ஆளு ஒரே கடுதாசியில மூணு தரம் பாசம்னு சொன்னா, ஒண்ணு சாகப் போறான், இல்ல எதையோ விக்க வந்திருக்கான்” என்றான். நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிக்கவில்லை.

செய்தி ஒவ்வொரு ஞாயிறும் சரியாக ஆறு மணிக்கு வருகிறது. ஒரு நிமிடம் முன்னே பின்னே இல்லை. நீ பிறந்ததிலிருந்து எதற்கும் நேரத்துக்கு வந்ததில்லை, மகளே. பிறந்ததே ஒன்பது நாள் தாமதம்.

கிறிஸ்துமஸுக்கு நம் தேவாலயக் கூடத்து அலமாரிக்கென்று உன் வீட்டுப் புத்தகம் ஒரு பெட்டி அனுப்பினாய். நன்றாகப் பார்த்தேன். படிக்கத் தெரியாதபோதும் எனக்கு ஒன்று தெரியும். மூடிய புத்தகத்தின் விளிம்பைப் பார்த்தால் எதுவரை விரல் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். விரல் பட்ட வரைக்கும் கொஞ்சம் மங்கல். அதன் பிறகு வெள்ளை. வண்டியில் பாட்ஸி திருப்பிக் கொடுக்கும்போது “அருமையான புக்கு, கீழ வைக்கவே முடியல” என்பான். நான் விளிம்பைப் பார்த்துவிட்டு “முப்பதாம் பக்கத்துல நல்லா தூங்கினியா” என்பேன். நீ அனுப்பிய இருபத்திரண்டு புத்தகத்தில் ஒன்றில்கூட விரல் பத்தாம் பக்கத்தைத் தாண்டவில்லை. ஜாம் விரலோடு வண்டிப் படிக்கட்டில் உட்கார்ந்து, ஒரு நாளில் இரண்டு புத்தகம் தின்ற பெண் நீ. போன ஈஸ்டருக்கு வந்தபோது ஜன்னலோரம் ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நாற்பது நிமிடம். பக்கம் புரளவே இல்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. அது என் தப்பு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். போனில் வேண்டாம். ஒரு தாளில், உன் கையால், ஒரு வரி எழுதி அனுப்பு. கருகிய உருளைக்கிழங்கைப் பற்றி இருந்தால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள். கனமான கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போ.

உன் அப்பா,
ஃபெஸ்டஸ்


பெல்முல்லெட்
பிப்ரவரி 8

ரீயோனா,

என் கடிதம் எடின்பரோவுக்கு நாலு நாளில் வந்து சேர்ந்திருக்கும் என்று அசம்ப்டா சத்தியம் செய்கிறாள். தபால் விஷயத்தில் அவள் பொய் சொல்லமாட்டாள். மூன்று ஞாயிறு கடந்துவிட்டன. ஆறு மணிக்கு மூன்று செய்தி வந்தன. மூன்றிலும் என் நலம், என் உணர்வு, உன் நேசம். உன் அப்பன் எழுத்துப் படித்தான் என்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஊருக்கே நான் விருந்து வைத்திருப்பேன், நீ என் இடத்தில் இருந்திருந்தால்.

போன் செய்தேன், ஒன்பது தரம். நீ எடுக்கவில்லை. ஒவ்வொரு தரமும் ஒரு நிமிடத்தில், “மன்னியுங்கள் அப்பா, ஒரு கூட்டத்தில் இருக்கிறேன்” என்று செய்தி. நாவல் எழுதுகிறவளுக்கு என்ன கூட்டம்? யாரோடு?

என் புத்தி எங்கெல்லாமோ போயிற்று. உன் போனை யாரோ திருடிவிட்டார்கள் என்று நினைத்தேன். யாரோ ஒருவன் உன்னைப் போல எழுதி உன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தேன். பாட்ஸியைக்கூடச் சந்தேகப்பட்டேன், அவன்தான் விளையாடுகிறானோ என்று. “எனக்கு அவ்வளவு நல்லா எழுத வந்தா ஏன்டா ஆடு மேய்க்கிறேன்” என்றான். அது நியாயம்தான்.

பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். அதற்காக நேற்று கல்லறைக்குப் போய் உன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உன்னிடமும் கேட்கிறேன். சனிக்கிழமை போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி உனக்கு இப்படி அனுப்பினேன்: “அம்மாவுக்கு இரண்டு நாளாகத் தலைவலி. படுத்திருக்கிறாள். உன்னைக் கேட்டாள்.”

அனுப்பிவிட்டு மேசையில் போனை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீயாக இருந்தால் அலறி அடித்துக்கொண்டு கூப்பிடுவாய், அப்பாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று. கூப்பிடு, கூப்பிடு என்று வேண்டிக்கொண்டிருந்தேன். திட்டினாலும் சரி.

பதில் வந்தது. “அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லை என்பதைக் கேட்க வருத்தமாக இருக்கிறது. நிறையத் தண்ணீர் குடித்து ஓய்வெடுக்கச் சொல்லுங்கள். என் அன்பை அவரிடம் தெரிவியுங்கள்.”

அவள் சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் தாங்கியவள் நீ. ஆண்கள்தான் தூக்க வேண்டும் என்று சொன்ன சித்தப்பாவைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

எனக்கு எழுதுகிறது யார்? அதைவிட முக்கியமாக, நீ எங்கே?

இந்தப் பக்கத்தில் எழுத்து இன்னும் மோசமாக இருந்தால் பொறுத்துக்கொள். நீ எங்கிருந்தாலும் கடவுள் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும், எனக்குத் தெரியாத இடமாக இருந்தாலும்.

அப்பா


பெல்முல்லெட்
பிப்ரவரி 19

ரீயோனா, என் மகளே,

நான் கண்டுபிடித்துவிட்டேன். எப்படி என்று சொல்கிறேன்.

அசம்ப்டா எனக்குப் படிக்கப் பழைய சனிக்கிழமைப் பத்திரிகைகளைக் கொண்டு வருவாள், புத்தகப் பகுதியோடு. நவம்பர் மாத இதழ் ஒன்றில் பதினொன்று, பன்னிரண்டு பக்கம் இல்லை. அப்போதே கவனித்தேன். நூலக வண்டிக்காரனுக்குக் கிழிந்த பக்கம் கண்ணில் படாமல் போகாது. அன்று கேட்கவில்லை. உன் அம்மாவின் தலைவலிக்கு அந்தப் பதில் வந்த பிறகு ஒரு நாள் அவள் முகத்துக்கு நேராகக் கேட்டேன். அவள் தேநீர்க் கோப்பையைக் கழுவினாள். ஏற்கெனவே கழுவிய கோப்பை.

“எங்க அந்தப் பக்கம்?”

“அடுப்பு மூட்ட எடுத்திருப்பேன்.”

“உன் வீட்ல கேஸ் அடுப்பு, அசம்ப்டா.”

உட்கார்ந்துவிட்டாள். “படிக்கத் தெரியாதப்ப உன்கிட்ட அதைக் காட்டியிருப்பேன், ஃபெஸ்டஸு. படிக்கத் தெரிஞ்சவனுக்குக் காட்டத்தான் பயமா இருந்துச்சு” என்றாள். கைப்பைக்குள்ளேயே மடித்து வைத்திருந்தாள், மூன்று மாதமாக.

நீ எழுதிய கட்டுரை. உன் படம் போட்டிருந்தார்கள், பழைய படம். ஐந்து நாள் எடுத்துக்கொண்டு படித்தேன். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. சில வரிகளை அப்படியே பார்த்து இங்கே எழுதுகிறேன். நீ எழுதியது உனக்குத் தெரியும்தான். ஆனால் என் கையால் எழுதினால் நான் படித்தேன் என்று உனக்குத் தெரியும்.

“மூன்று நாவல் எழுதியவள் நான். இப்போது ஒரு பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. கண் வரியின் மேல் போகிறது. நான் கூடப் போவதில்லை.”

“புத்தகம் என்னைத் தேடாது, அலமாரியில் சும்மா இருக்கும். போன் என்னைத் தேடுகிறது. யாரோ என்னை நினைக்கிறார்கள் என்ற ஆசையில் ஒரு நாளைக்கு இருநூறு தரம் அதை எடுக்கிறேன். எடுத்துப் பார்த்தால் அங்கே ஆள் இல்லை.”

“மனம் சரியில்லாதவர்களுக்குப் புத்தகம் மருந்து என்று மேடையில் நானே பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். மருந்தெல்லாம் இல்லை. நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் ஒருவர் நாற்காலி போட்டு உட்காருகிறாரே, புத்தகம் அவ்வளவுதான். அது பெரிய விஷயம் என்று நாற்காலி காலியான பிறகுதான் தெரிகிறது.”

இந்த வரியை மூன்று தரம் எழுதினேன். நன்றாக எழுதியிருக்கிறாய். நன்றாக எழுதியிருக்கிறாய் என்று எனக்குக் கோபமாகவும் இருக்கிறது. இவ்வளவும் தெரிந்த ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டு எப்படிக் கிடந்தாள்?

இரண்டு குளிர்காலம் படுக்கையை விட்டு எழவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஊருக்குத் தெரியும். மளிகைக் கடைக்காரனுக்கும் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது.

பிறகு அந்த இடம் வந்தது. வருகிற கடிதங்களுக்குப் பதில் எழுத ஒரு செயலியை வைத்துக்கொண்டாய். உன் பழைய கடிதங்களை அதற்குத் தீனி போட்டாய். “அது என்னைவிடப் பொறுமைசாலி. பதிப்பாளருக்கு, வாசகர்களுக்கு, என் அப்பாவுக்கும்கூட. ஒவ்வொரு ஞாயிறும் ஆறு மணிக்கு அது அவருக்கு என்னைவிட நல்ல மகளாக இருக்கிறது. இதை இங்கே தைரியமாக எழுதுகிறேன். அப்பா படிக்கமாட்டார். என் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது.”

அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

“ஒன்பது வயதில் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்று காட்டிக்கொள்ளக் கூடாது என்பதும் அன்றே தெரிந்தது. விளையாட்டு என்று சொல்லி எல்லாப் புத்தகத்துக்கும் நிறம் ஒட்டினேன். விரல் நகமெல்லாம் பசை. நான் செய்த வேலைகளில் யாருக்காவது உண்மையிலேயே பயன்பட்டது அது ஒன்றுதான்.”

ஜனவரியில் பெரிய ரகசியம் சொல்வது போல உனக்கு எழுதினேனே! முப்பத்தைந்து வருடமாக நீ அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாய். வெட்கமாக இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது. பிறகு வந்ததை எழுத எனக்கு இன்னும் சொல் தெரியாது.

உன்னைத் திட்டலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. நானும் அதைத்தானே செய்தேன்? உன் அம்மாவின் கையை வைத்து இருபது வருடம் உனக்கு நல்ல அப்பாவாக இருந்தேன். ஆனால் ஒன்று, ரீயோனா. அவள் எழுதும்போது நான் பக்கத்தில் நிற்பேன். “குளிருக்கு உடுத்தச் சொல்லு” என்பேன். அவள் அதை நாலு வரி ஆக்குவாள். “நான் அவ்ளோ சொல்லலியே” என்பேன். “நீ சொல்ல வந்தது எனக்குத் தெரியும், போய் டீ போடு” என்பாள். அந்தக் கடிதங்களில் நான் சொல்லாதது நிறைய உண்டு, நான் இல்லாத இடம் இல்லை.

அந்தச் செயலி எனக்கு எழுதும்போது நீ பக்கத்தில் நிற்கிறாயா? அதுதான் என் கேள்வி. நிற்கிறாய் என்றால் நான் இப்படியே இருந்துவிடுவேன், ஞாயிறு ஆறு மணிக்கு நன்றி சொல்வேன். ஆனால் நின்றிருந்தால் உன் அம்மாவைத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கமாட்டாய்.

எல்லார் மேலும் சந்தேகப்பட்டுவிட்டேன். இப்போது ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி. அதை எழுத்தில் எழுதமாட்டேன். அந்தச் சொல்லின் எழுத்துகள் எனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதமாட்டேன்.

நான் கிளம்பி வருகிறேன். ஆடுகளைப் பாட்ஸி பார்த்துக்கொள்வான். அசம்ப்டா கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். ஊர்ப் பலகைகளை நானே படித்துக்கொண்டு வருவேன்.

நான் வரும்வரை அங்கேயே இரு. இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அப்பா


எடின்பரோ, உன் வீட்டுப் படிக்கட்டு
பிப்ரவரி 24
பக்கம் ஒன்று

ரீயோனா,

நான் உன் கதவுக்கு வெளியே இருக்கிறேன். கடைசிப் படியில் உட்கார்ந்து முழங்காலில் தாளை வைத்து எழுதுகிறேன். ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் கதவில் இருக்கும் தபால் துளை வழியாக உள்ளே போடுவேன்.

தட்டினேன், கூப்பிட்டேன். பலகைத் தரை ஒரு தரம் முனகியது. அது போதும். உனக்கு மேல் மாடியில் இருப்பவர், சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறியவர், “உள்ளதாங்க இருக்காங்க, தண்ணி ஓடுற சத்தம் கேக்கும். ஆனா கதவு தொறந்து நான் பாத்து மூணு வாரம் ஆச்சு. கடையிலேர்ந்து பைய வாசல்ல வெச்சிட்டுப் போவாங்க, அப்புறம் அது காணாம போயிடும்” என்றார். காலையிலிருந்து நான் சுமந்த கல் ஒன்று அந்தப் படிக்கட்டில் உருண்டு போயிற்று. கீழே யார் காலிலும் விழவில்லை என்று நம்புகிறேன்.

பக்கம் இரண்டு

தபால் துளையைத் தூக்கிப் பார்த்தேன். மன்னித்துக்கொள். தரையில் கடிதக் குவியல். மேலே மூன்று உறைகள், சாய்ந்த வேலிக்கம்பு மாதிரி எழுத்து. பிரிக்காமல் கிடக்கின்றன. எனக்குச் சந்தோஷமாகிவிட்டது என்றால் நம்புவாயா? நீ படித்துவிட்டுப் பேசாமல் இருந்தாய் என்று நினைத்திருந்தேன். நீ படிக்கவே இல்லை. அவை எங்கேயும் போகாது. புத்தகம் மாதிரி சும்மா கிடக்கட்டும். உனக்கு எப்போது முடிகிறதோ அப்போது பிரி.

அவற்றில் இருக்கும் செய்தி இதுதான். எனக்குப் படிக்கத் தெரியும். உன் நவம்பர் கட்டுரையைப் படித்தேன். ஸ்டிக்கர் விஷயம் தெரியும். கோபம் இல்லை.

பக்கம் மூன்று

வரும் வழியில் எல்லாவற்றையும் படித்தேன். பேருந்தில், கப்பலில், மறுபடி பேருந்தில். “வழி.” “தள்ளவும்.” “தலை கவனம்.” கப்பலில் ஒரு கதவில் “பணியாளர் மட்டும்” என்று இருந்தது. அதை ஒரு பெரிய கவிதை போல நின்று படித்துக்கொண்டிருந்தேன். பணியாளர் ஒருவர் வந்து, “ஐயா, ஏதாச்சும் வேணுமா?” என்றார். “ஒண்ணும் வேணாம் தம்பி, படிக்கிறேன்” என்றேன்.

கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து நான் பேசப்போவதில்லை. என் குரல் கேட்டால் நீ நன்றாக இருப்பது போலப் பேச வேண்டியிருக்கும். உனக்கு அதில் பழக்கம் அதிகம். தாளுக்கு முன்னால் அந்தச் சிரமம் வேண்டாம்.

பக்கம் நான்கு

இந்தத் தாளோடு ஒரு சின்ன அட்டை வருகிறது. வட்ட ஸ்டிக்கர்கள், நாலு நிறம். பெல்முல்லெட்டில் கடைக்காரி “பேரப் புள்ளைங்களுக்கா?” என்றாள். “இல்ல, நாவலாசிரியைக்கு” என்றேன்.

உனக்கு எழுத வரவில்லை என்றால் எழுத வேண்டாம். ஏதாவது ஒரு நிறத்தை ஒரு துண்டுத் தாளில் ஒட்டித் துளை வழியாக வெளியே தள்ளு.

மஞ்சள் என்றால், பசிக்கிறது. கீழே ரொட்டிக் கடை இருக்கிறது. பலகையைப் படித்துவிட்டேன்.

நீலம் என்றால், இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு வா. வருவேன். நாளை மறுநாளும் வருவேன்.

சிவப்பு என்றால், தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது. தெருமுனையில் மருத்துவர் பெயர்ப்பலகை ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். நீ ஒரு சொல் பேச வேண்டாம். நான் பேசிக்கொள்வேன்.

பச்சை என்றால், கதவைத் திறக்கிறேன்.

ஒன்றும் வரவில்லை என்றால், ஐந்து மணிக்கு நான் அந்த மருத்துவரிடம் போவேன். உன்னிடம் மறைக்காமல் முன்பே சொல்லிவிடுகிறேன். நமக்குள் மறைத்தது போதும்.

பக்கம் ஐந்து

ரீயோனா, நாலாம் பக்கத்தை நான் உள்ளே போடவில்லை. பாதிதான் நுழைத்தேன். மீதியை யாரோ உள்ளேயிருந்து இழுத்தார்கள். மெதுவாக, கிழியாமல். என் விரலில் இன்னும் அந்த இழுப்பு இருக்கிறது. அது யாருடைய கை என்று நான் சந்தேகப்படவில்லை.

அவசரமே இல்லை. மேயோவில் மெதுவாகப் படிக்கிறவர்களில் முதல் ஆள் நான்தான். நீ எத்தனை நேரம் எடுத்தாலும் என்னைவிடச் சீக்கிரம்தான் முடிப்பாய். இந்தப் பக்கத்தில் கீழே பாதிக்கு இடம் விட்டிருக்கிறேன். ஒட்டுவதற்கு.

உன் படுக்கைக்குப் பக்கத்தில் கடவுள் ஒரு நாற்காலி போட்டு உட்காரட்டும், கண்ணே. அவர் வந்து சேரும் வரை படிக்கட்டில் நான் இருக்கிறேன்.

உன் அப்பா